வடிகால்

"கொழுப்பெடுத்தவ" என்று
மாமியார் அந்தக் காலத்தில் வைத்த பெயர்
போன புதன்கிழமை
திருவாரூர் ஆஸ்பத்திரியில் அச்சடித்துக் கைக்கு வந்தது.
கெட்டது நூற்று அறுபத்தெட்டு. நல்லது முப்பத்தொன்று.

நீடாமங்கலம் ரயில்வே கேட் ஓரம் வடைக்கடை எனக்கு.
எண்ணெயைத்தான் திட்டப்போகிறார்கள் என்று
தலையைக் குனிந்து உட்கார்ந்தேன்.
டாக்டர் ஜமீலா அதற்கு அப்புறம் வந்தார்.
முதலில் கேட்டது:
"உங்க பக்கம் வடிகால் தூர்ந்தா என்ன ஆகும்?"

என்ன ஆகும்.
மூணாறு தலைப்பில் பிரிந்து
வயலுக்கு வருவது வந்துகொண்டுதான் இருக்கும்.
போகத்தான் வழியிருக்காது.
ஐப்பசி மழையில், நட்டு இருபது நாளான சம்பா
நின்ற நிலையில் அழுகும்.

"அதேதான். எச்.ஐ.வி. இப்போ எண்ணிக்கையில் வராத அளவு.
மாத்திரை அதை அடக்கி வச்சிருக்கு.
ஆனா கொழுப்பை வெளியேத்துற மதகை
அது கெடுத்துட்டுது.
அள்ளின அணுக்கள் இறக்க இடமில்லாம
நுரைச்சுப்போய் குழாய்ச் சுவர்ல ஒட்டிக்குது.
சுவரும் சும்மா இல்ல, கனிஞ்சுகிட்டே இருக்கு,
சாம்பல் மூடின அடுப்பு மாதிரி."

அடுப்பு எனக்குத் தெரியும்.
அணைந்ததென்று கை வைத்து
எத்தனை தரம் சுட்டுக்கொண்டிருக்கிறேன்.

"ஐம்பதை நெருங்குறீங்க. மாரடைப்பு வராம பாத்துக்கணும்."
ஐம்பது!
இருபத்தேழு வயதில் மூன்று வருஷம் என்றார்கள்.
மகளை யாரிடம் விடுவது என்று
விரல் விட்டு எண்ணினேன், ஆள் தேறவில்லை.
சிரிப்பு வந்துவிட்டது.
அழுகிறேன் என்று நினைத்து
கவுன்சிலர் ரோஸ்லின் தண்ணீர் நீட்டினாள்.

பழைய மாத்திரை
கடலைப்பருப்பு டின்னின் அடியில், லேபிள் கிழித்து.
கடை சாத்திய பிறகு, விளக்கணைத்து.
புதுசு, கல்லாப்பெட்டி மேல் அட்டையோடு கிடக்கிறது.

நேற்று கேட் போட்டு அரைமணி.
சரக்கு வண்டிக்கு என்ஜினைக் கழற்றி
மறுபக்கம் மாட்டிக்கொண்டிருந்தார்கள்.
நெல்மூட்டை லாரி செல்லக்கண்ணு கேட்டார்:
"என்ன மாத்திரை?"
"கொழுப்பு."
"அட, எனக்குந்தான்" என்று சட்டைப்பையைத் துழாவினார்.
மன்னார்குடி பஸ் கண்டக்டரிடமும் ஒரு அட்டை.
யாருக்கு எத்தனை மில்லிகிராம் என்று
மூவரும் உரக்கப் பேசினோம், நடுரோட்டில்.

என் நோயைக் கடைத்தெருவில் நான் பேசியது
இதுதான் முதல் தடவை.
பாதி நோய்.
மீதி டின்னில் கேட்டுக்கொண்டிருந்தது.

செல்லக்கண்ணு இன்னொரு வடைக்குக் கை நீட்டினார்.
"ஒண்ணோட நிறுத்துங்க."
முறைத்தார். "ஒனக்குக் கொழுப்பும்மா."

"நூத்து அறுபத்தெட்டு" என்றேன்.