பாதல்

பெங்களூரில் செய்த வண்டி.
மூன்றே சக்கரம், முன்னால் ஒன்று.
உடம்பு முழுக்க ஃபைபர்.
பாதல் என்றால் இந்தியில் மேகமாம்,
ஆர்.சி. புத்தகத்தை நீட்டியபடி நெய்னா முகம்மது சொன்னார்.
ராமநாதபுரத்துக்கு மேகம்
கயிறு கட்டி இழுத்தால்தான் வரும்.

கிளட்ச் வேண்டிக் கம்பெனிக்குப் போட்ட கடிதம்
பிரிக்காமலே திரும்பி வந்ததாம்.
அப்புறமும் வேதாளைக்கும் மண்டபத்துக்கும்
ஸ்கூட்டர் ஒயரைப் பூட்டி
நாலு வருஷம் ஓட்டியிருக்கிறார் மனுஷன்.

என் படகுப் பட்டறையில் நின்றது.
உப்புக்காற்று எஞ்சினைத் தின்றது,
ஆக்சிலை, சீட்டு ஸ்பிரிங்கை,
கதவுக் கீலைத் தின்றது.
உடம்பில் மட்டும் அதற்குப் பல் இறங்கவில்லை.

கச்சான் அடித்த ஆடியில்
குருசடைப் பாரில் மோதி
மூக்குடைந்து வந்தது கிளமென்ட்டின் வள்ளம்.
அவரைக் கேட்டுக்கொண்டுதான் அறுத்தேன்.
ரெசின் பூசி ஒட்டினேன்:
வெள்ளை வள்ளம், மஞ்சள் மூக்கு.

மீன்துறை ஆள் படிவத்தைத் திருப்பி
'கட்டினது யாரு?' என்றார்.
என் பேரைச் சொன்னேன்.
மூக்கை ஒருதரம் பார்த்துவிட்டு,
'இன்னொருத்தனும் உண்டு சார்,
விலாசம்தான் இல்லை.'

நெய்னா முகம்மது இப்போதும்
நகரை வாங்க வருகிறவர் மாதிரி வருவார்.
ஹெட்லைட் இருந்த இடத்தை நான் அடைத்துவிட்டேன்.
விரல் அதைக் கண்டுபிடித்துவிடுகிறது.