அளவுப் புத்தகம்

நீடாமங்கலம் பொதுப்பணித்துறை அலுவலகம்.
மே மாதக் கடைசி. மேசை விளிம்பை
அடிவயிற்றில் அழுத்திக்கொண்டு
தூர்வாரிய பில்களைச் சரிபார்க்கிறேன்.

தஞ்சாவூரில் டாக்டர் ஜெசிந்தா
ஸ்கேன் படத்தில் பேனா முனையை வைத்தார்.
கருப்பைக்குள் இருக்க வேண்டிய சவ்வு
சினைப்பையில், குடலோரத்தில்.
மாதம் தவறாமல் அங்கேயும் ரத்தம்,
வடிய வழியில்லாமல்.

"செல்லு தன் கசடைத் தானே தின்னு
சுத்தமாயிக்கும்மா.
வழிதவறினா தானே அழிஞ்சும் போகணும்.
இதுங்களுக்கு அந்தப் பசி மந்தமாயிடுச்சு போல.
முழுசா இன்னும் யாருக்கும் புரியல."

பதினோரு வருஷம்
கல்யாணமானால் சரியாகும் என்றார்கள்.
ஆனது.
ஆகவில்லை.

எதிரே விரித்த எம்-புக்:
கோரையாற்றுக் கிளை வாய்க்கால்,
எண்ணூறு மீட்டர், தூர் வாரப்பட்டது.
காலையில் பஸ் ஜன்னலில் பார்த்தேன்,
மதகு வரைக்கும் ஆகாயத்தாமரை,
ஊதாப் பூவும் கொசுவுமாய்.

பேனாவை மூடி வைத்தேன்.
உதவிப் பொறியாளர் இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டார்.
"பன்னெண்டாம் தேதி தண்ணி தொறக்குறாங்க மேடம்."

தெரியும் சார்.
எனக்கு ஒன்பது.