உறுத்தல்

நூக்குஸ் கண் மருத்துவமனை, மூன்றாம் அறை.
என் வேலை ஒரு நைலான் இழை.
பேனா போன்ற கருவியிலிருந்து
ஆறு சென்டிமீட்டர் நீட்டினால் மயிர்போலத் துவளும்,
குறைக்கக் குறைக்க விறைக்கும்.
கருவிழியைத் தொட வேண்டும். அவ்வளவுதான்.
தெரிந்தால் "ம்" சொல்லச் சொல்வேன்.

சார்சென்பாய் மொய்னாக்கிலிருந்து வந்திருந்தார்.
கடல் வற்றிய தரையில்
சக்சவுல் கன்று நடும் குழுவுக்கு டிராக்டர் ஓட்டுகிறார்.
பதினாறு வருடச் சர்க்கரை.
வலி என்று அவர் வரவில்லை,
மனைவி அர்சாயிம்தான் இழுத்து வந்தாள்:
"ரொட்டி பிய்த்துக்கொண்டிருந்தார்.
கண்ணின் கறுப்பில் ஒரு மணல்
ஈ மாதிரி உட்கார்ந்திருக்கிறது.
இவர் என்னிடம் டீ கேட்கிறார்."

மணலை டாக்டர் நேற்றே எடுத்துவிட்டார்.

ஆறு. "ம்" என்றார்.
ஐந்தரை. "ம்."
ஐந்து. "ம்", இந்த முறை கொஞ்சம் முந்திக்கொண்டு.

அவர் பார்வை இழையில் இல்லை,
என் மணிக்கட்டில்.
கையை மட்டும் முன்னே கொண்டுபோய்
இழையைக் காற்றிலேயே நிறுத்தினேன்.
"ம்" என்றார் சார்சென்பாய்,
பார்த்து எழுதும் பையனின் நிதானத்தோடு.

டிராக்டர் சாவியைப் பிடுங்கிவிடுவோம் என்ற பயம்.

சுவரில் முலாம்பழக் காலண்டர்.
அதையே பாருங்கள் என்றேன்.
நான்கு. மூன்று.
அவர் தேதிகளை வாசித்துக்கொண்டிருந்தார்.
இரண்டு.
ஒன்றரையில் வாசிப்பது நின்றது.
"ஏதோ... பக்கத்து வீட்டில்
யாரோ நடக்கிற மாதிரி."

ஒரு தூசி விழுந்தால் ஊரையே கூட்டும் இடம் அது.
அங்கே சர்க்கரை
ஒவ்வொரு நரம்பாகச் சத்தமில்லாமல் அணைத்திருக்கிறது.

"வலிக்காதது நல்லதுதானே என்கிறார். நல்லதா?"
அர்சாயிம் என்னைக் கேட்டாள், அவரைப் பார்த்தபடி.

சொட்டு மருந்து, மூடிய கண்ணாடி,
காலையும் மாலையும் முகம் பார்க்கும் கண்ணாடி.
இனிமேல் கண் கூப்பிடாது,
நீங்கள்தான் போய் விசாரிக்க வேண்டும் என்றேன்.
அறிக்கையில் ஒன்றரை என்று எழுதினேன்.
காற்றுக்குச் சொன்ன "ம்"மை எழுதவில்லை.
கொஞ்சம் உறுத்தியது. உறுத்தட்டும்.

மத்தியானம் வடக்கிலிருந்து உப்புக்காற்று கிளம்பியது.
ஜன்னலுக்கு எதிரே பஸ் நிறுத்தத்தில்
எல்லாரும் முதுகைத் திருப்பிக்கொண்டார்கள்,
முக்காட்டை இழுத்தார்கள், கண்ணை இறுக்கினார்கள்.
அவர் ஒருவர் மட்டும்
காற்றுக்கு நேராக, விழித்தபடி,
பஸ் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு
ஒருத்தியின் கை
அவர் தோளைத் தடவி, காதைத் தடவி,
நெற்றியில் ஏற்றிவைத்திருந்த கண்ணாடியைக்
கீழே இழுத்தது.