லார்ச் தெரு: கூட்டக் குறிப்பு

பேசுகிறவருக்கு மூன்று நிமிடம்.
பச்சை விளக்கு, மஞ்சள், பிறகு சிவப்பு.
நான் பேசுகிறவள் அல்ல,
தட்டச்சு செய்கிறவள்.
நகரத் திட்டக் குழுவில் பதினொரு வருடமாகப்
பிறர் வாயிலிருந்து விழுவதைப் பொறுக்கி
வரிசை எண் போடுகிறேன்.

இன்றைய பொருள்: மார்விக் கல்லூரி விரிவாக்கம்.
ஆறு மாடி விடுதி. நானூற்று இருபது படுக்கை.
லார்ச் தெருவின் மேற்குப் பக்கம் முழுவதும்.

முன்மேசையில் மாதிரி ஒன்று வைத்திருக்கிறார்கள்.
பஞ்சு மரங்கள்.
நகக்கண் அளவு மனிதர்கள், முகம் கிடையாது,
எல்லோரும் கல்லூரியைப் பார்த்தே நடக்கிறார்கள்.
எங்கள் வீடுகள் வெள்ளை அட்டையில்.
ஜன்னல் வெட்ட நேரமில்லை போலும்.

முதலில் வெண்டல் யார்ப்ரோ, இரவுப்பணிச் செவிலியர்.
"எனக்குப் பகல்தான் ராத்திரி.
காலை ஏழு மணிக்குத் தூண் அடிக்க ஆரம்பித்தால்
நான் எந்த நாட்டு நேரத்தில் தூங்குவது?"
கல்லூரி வழக்கறிஞர் குறித்துக்கொண்டார்.
அவர் எதையும் குறித்துக்கொள்வார்.

அடுத்து ஒட்டிலி கிரான்ஸ், சலவைக்கூடம் நடத்துகிறவள்.
எதிர்க்கத்தான் எழுந்தாள், பாதியில் தடுமாறினாள்.
"அந்தப் பிள்ளைகளின் சில்லறையில்தான்
என் பதினாறு இயந்திரமும் சுற்றுகிறது.
புது விடுதிக்குள்ளேயே சலவையறை உண்டாமே.
இனி யார் அழுக்கை நம்பி நான் பிழைப்பது?"
அரங்கம் சிரித்தது.
அடைப்புக்குறிக்குள் சிரிப்பொலி என்று போட்டேன்.
அவள் சிரிக்கவில்லை.
அதற்கு ஒரு குறி
எங்கள் அலுவலகத்தில் இல்லை.

எமில் ஹ்ருஷ்கா ஒரு மடக்கு நாற்காலியோடு வந்தார்,
ஒரு கால் வளைந்தது, முதுகில் பச்சை நைலான் கயிறு.
பிட்ஸ்பர்க்கின் இந்தச் சரிவில் பனி கொட்டினால்
அவரவர் வாரிச் சுத்தம் செய்த இடத்தில்
அவரவர் நாற்காலி.
வேலை முடிந்து வரும்வரை அங்கே வேறு கார் நிற்காது.
ஒருவர் நாற்காலியை இன்னொருவர் நகர்த்துவதில்லை.
எந்தப் புத்தகத்திலும் இல்லாத சட்டம்,
எல்லாப் புத்தகமும் படிக்கிற பிள்ளைகளுக்குத் தெரியாத சட்டம்.
நாற்காலியை ஒலிவாங்கியின் முன் விரித்து வைத்தார்.
உட்காரவில்லை.
"பைன்ரிட்ஜ் ஹோல்டிங்ஸ்,
நார்த்பேங்க் ப்ராப்பர்ட்டீஸ்,
கெஸ்ட்ரல் அசோசியேட்ஸ்.
ஒன்பது வீடு வாங்கிய மூன்று கம்பெனிக்கும்
ஒரே தபால் பெட்டி.
நாங்கள் இடம் பிடிக்க நாற்காலியாவது வைப்போம் ஐயா,
யாருடையது என்று தெருவுக்கே தெரியும்."
சிவப்பு எரிந்தது.
எரியட்டும் என்பதுபோல் இன்னும் கொஞ்சம் நின்றார்.

பின்னிணைப்பு பதினான்கு: நிழல் ஆய்வு.
டிசம்பர் இருபத்தொன்று, பிற்பகல் இரண்டு நாற்பது.
சாம்பல் நிறத்தில் ஒரு நாக்கு தெருவைத் தாண்டி
நாற்பத்தேழாம் எண்ணின் சமையலறையில் முடிகிறது.

நாற்பத்தேழு என் வீடு.

ஊழியர் கருத்துச் சொல்லக் கூடாது. விதி.
சொல்லலாம் என்றாலும் என்ன சொல்வேன்?
என் மாடியில் இரண்டு மாணவிகள் குடியிருக்கிறார்கள்.
அவர்கள் வாடகையில்தான் கூரை மாற்றினேன்.
போன பிப்ரவரியில் இமோஜென் கேட்காமலே
என் படிக்கட்டுப் பனியை வாரினாள்;
அன்று ராத்திரியே அவள் சிநேகிதர்கள்
என் குப்பைத்தொட்டியைச் சரிவில் உருட்டிப்
பந்தயம் வைத்தார்கள்.
விடுதி வந்தால் அவள் போய்விடுவாள்.
வெயிலும் போய்விடும்.
எது முதலில் என்றுதான் தெரியவில்லை.
"பின்னிணைப்பு பதினான்கு பெறப்பட்டது" என்று
தட்டினேன். எழுத்துப்பிழை இல்லை.

வாக்கெடுப்பு அடுத்த மாதத்துக்குத் தள்ளிவைப்பு.
கூட்டம் முடிந்தது, ஒன்பது ஐம்பத்திரண்டு.

விளக்கணைக்கும் முன்
நாற்காலிகளை மடித்துச் சுவரோரம் சாய்ப்பதும்
என் வேலைதான்.
அறுபத்திரண்டு மடித்தேன்.
ஒலிவாங்கியின் முன்னால் எமிலுடையது,
மறந்து போனாரோ, மறக்காமல் போனாரோ.
நாளை காலை எட்டு மணிக்கு
இதே அரங்கில் வழக்கறிஞர்களுக்கு வேறு கூட்டம்.

அதை நான் நகர்த்தவில்லை.