உடம்படுமெய்

புந்தா அரேனாசில் காற்று மணிக்கு நூறு.
நீரிணையில் படகு ஓடவில்லை.
கரையில் எண்ணெய் லாரிகள்
எஞ்சினை அணைக்காமல் நிற்கின்றன.

துறைமுக அலுவலக மாடியில்
ஹிமேனா ஒயார்சோ
நாற்பத்தோராவது முறையாக அதே கட்டளையைத் தட்டுகிறாள்.
திரை சிவக்கிறது.
மேலே, மேலே, இன்னும் மேலே போகிறாள்.
கடைசிப் பிழை எப்போதும் யாரையாவது கைகாட்டும்;
முதல் பிழைக்குத்தான் விஷயம் தெரியும்.

நீரோட்டம் கணிக்கும் நிரல் சி மொழியில் இருக்கிறது.
எழுதியவன் வடக்கே தாமிரச் சுரங்கத்துக்குப் போய்விட்டான்,
கம்பைலரும் அவனுடைய விண்டோஸோடு போயிற்று.
மேலே உட்கார்ந்திருப்பது புதிய பைத்தான்.
பதிப்பை நேற்று மாற்றியது
இவளேதான். யாரிடமும் சொல்லவில்லை.

நிலைமொழி ஒரு கம்பைலரில்
வருமொழி இன்னொன்றில்.
இயல்பாகவும் சேரவில்லை
விகாரமாகவும் சேரவில்லை.

நான்கு மணிக்கு
எச்சரிக்கைகளின் வாயை அடைத்தாள்.
ஒரு பிழையும் இல்லை.
அந்த நிமிடம்தான் அவள் பயந்திருக்க வேண்டும்;
காப்பி போடப் போனாள்.

குறுகலான முனையிலிருந்து நிபால்தோ கூப்பிட்டான்:
'நீரோட்டம் பூஜ்யம் என்கிறது உன் திரை.
இங்கே வந்து
ஒரு காலை நனைத்துப் பார்.'

ஐந்தரைக்குக் கண்டுபிடித்தாள்.
நெடில் என்று பொருள்படும் ஒரே ஒரு சொல்:
அவன் கம்பைலருக்கு நான்கு பைட்
இவள் கம்பைலருக்கு எட்டு.
இருவரும் அதே சொல்லை
அதே எழுத்துக்கூட்டி எழுதியிருக்கிறார்கள்.
தமிழில் மாத்திரைக்குக் கண்ணிமைப்பு அளவு;
இமைப்பது யாருடைய கண் என்று
நானும் இதுவரை கேட்டதில்லை.

நடுவில் ஒரு சின்னக் கோப்பு எழுதினாள். பதினோரு வரி.
மணிக்கும் அடித்ததற்கும் இடையே
ஒரு யகரம் வந்து நிற்குமே,
மணிக்கும் சொந்தமில்லாமல்
அடித்ததற்கும் சொந்தமில்லாமல்,
அப்படி.

ஏழு புள்ளி ஆறு நாட் என்றது திரை.
நிபால்தோ ஒரு பலகையை நீரில் எறிந்து
விரல்விட்டு எண்ணி
'ஏழரை இருக்கும்' என்றான்.
அவனை நம்பினாள். திரையை
இன்னும் இரண்டு முறை ஓட்டிப் பார்த்தாள்.

காற்று ஐம்பதுக்கு இறங்கியதும்
முதல் லாரி சரிவில் உருண்டது.
மாற்றக் குறிப்பு கேட்டு
வெற்றுக் கட்டத்தில் கோடு ஒன்று துடித்தது.
பதிப்பு மாற்றியதை எழுத ஆரம்பித்து,
அழித்து,
'சிறு திருத்தம்'
என்று போட்டாள்.