மாவுக்குள் வந்த கண்ணாடி

நார்த் பிளாட் நகரில் சலவைக்கடை.
இரவு பதினொன்று. வெளியே பனி.
துணி சுழன்று முடியும்வரை
ஓர்லா அதே புத்தகத்தை விரிக்கிறாள்,
நான்காவது முறை.

மாவுப் பீப்பாய்க்குள் புதைத்து
ஒரே ஒரு ஜன்னல் கண்ணாடியை
அறுநூறு மைல் கொண்டுவருகிறாள் தெர்சா.
மண்கட்டி வீட்டில் அதைப் பொருத்தியதும்
அவள் கணவன் ஒன்றும் சொல்லாமல்
தொப்பியைக் கழற்றுகிறான்.

இந்த இடத்தில்தான் ஓர்லாவுக்கு
ஒவ்வொரு தடவையும் தொண்டை அடைக்கும்.
அவள் அறையில் ஜன்னல் மூன்று;
திரை விலக்கி மாதமாகிறது.

அடுத்த பக்கம்:
"கண்ணுக்கெட்டிய தூரம் யாருமில்லாத நிலம்."
யாருமில்லாமலா?
முந்தின பக்கத்தில்தானே
ஆற்றோரம் யாரோ மூட்டிய அடுப்பின் சாம்பல்
இன்னும் சூடாறவில்லை என்றிருந்தது.
இந்தமுறைதான் கண்ணில் படுகிறது.

இயந்திரம் நின்றுவிட்டது.
ஈரத்துணியை எடுக்காமல்
ஓர்லா பின்னோக்கிப் புரட்டுகிறாள்.