ஆறு புள்ளி நான்கா, கால் இஞ்சா

உக்கடத்தில் நசீர் பாய் கடையில்
தராசில் அள்ளிப் போட்டு வாங்கினேன்.
ஏதோ பம்ப் கம்பெனி ஏலத்தில் எடுத்தாராம்.
எடையைத் துண்டுச்சீட்டில் எழுதித் தந்தார்.
அளவைக் கேட்டதற்கு,
"அளவு தெரிஞ்சா கிலோக் கணக்குல விப்பனுங்களா?"

ஆவாரம்பாளையத்தில் கார் இல்லாத கார் ஷெட்.
ஒரு பெஞ்ச் லேத், ஒரு டிரில்லிங் மெஷின்.
கொடியில் தன்ஷிகாவின் யூனிபார்ம்,
எண்ணெய் தெறிக்காத உயரத்தில்.

நூற்றுப் பதினேழு டிரில்கள்.
மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் தேய்த்து
பேப்பர் விரித்துப் படுக்க வைத்தேன்.
ஒன்றிலும் எண் இல்லை.
சாவியை முழுசாக இறுக்கச் சோம்பல்பட்ட எவனோ
சக்கில் வழுக்கவிட்டு வழுக்கவிட்டு
ஒவ்வொன்றின் பேரையும் உரசி எடுத்திருக்கிறான்.

காம்பை அளந்தால் பொய் சொல்லும், அங்கே பிசிறு.
நுனிக்கு அருகில், இரண்டு விளிம்பும் தாடையில் பட,
காய்ச்சல்காரரின் மணிக்கட்டைப் பிடிப்பதுபோல்
வெர்னியரால் பிடித்தேன்.
ஆறு புள்ளி மூன்று எட்டு.
டிரில் தேயும், வளராது.
ஆகவே ஆறு புள்ளி நான்கு, கொஞ்சம் உழைத்தது.
டேப் ஒட்டினேன், எழுதினேன், அடுத்தது.
நாலு, நாலரை, ஐந்து புள்ளி இரண்டு,
பத்தில் ஒன்றாய் அடுக்கிய மில்லிமீட்டரில்
எதை எடுத்தாலும் பக்கத்தில் ஓர் அளவு
தலையாட்டக் காத்திருக்கிறது.

அறுபத்து மூன்று ஒட்டியாயிற்று.
இரவு பதினொன்று.

மூன்று பல் கட்டர் ஒன்று கிடந்தது அடியில்.
ஒரு பல்லைப் பிடித்தால் எதிரே பள்ளம்.
எப்படித் திருப்பினாலும்
தாடைக்கு மறுபக்கம் ஆள் இல்லை.
லேத் சக்கில் அதையே மாட்டி
அலுமினியத் துண்டில் ஒரு வாய்க்கால் ஓட்டினேன்.
வெர்னியரின் மேல்மூக்கை உள்ளே விட்டு விரித்தேன்.
பத்து புள்ளி நாலு நூறு. மெஷின் ஆட்டத்தைக் கழித்தால்
பத்து. அவ்வளவுதான்,
வெட்டவிட்ட பிறகே சொல்கிற ஜாதி.

அப்புறம்தான் அந்த ஆசை வந்தது.
ஆயுத பூஜைக்கு வைத்த விபூதி அட்டாலியில் இருந்தது.
முதல் டிரிலின் காம்பில் ஒரு சிட்டிகை தேய்த்து
ஊதினேன்.
டார்ச்சைப் படுக்கப் பிடித்தேன்.
கீறல்களுக்கு நடுவே ஓர் ஒன்று,
ஒரு சாய்கோடு,
ஒரு நான்கின் முழங்கை.

கால் இஞ்சு.
ஆறு புள்ளி மூன்று ஐந்துக்கு மேல் போக முடியாதவன்
எட்டு காட்டியது எப்படி?

வெர்னியரை மூடி விளக்குக்கு நேரே பிடித்தேன்.
நுனி முட்டி நிற்கிறது,
அடியில் வெளிச்சம் ஒழுகுகிறது.
மூடிய வாய், நாலு நூறு என்கிறது.
போன வாரம் தேங்காய் எண்ணெய் டப்பாவை
அதால் நெம்பித் திறந்தவள்
வேறு யாரும் இல்லை.

அறுபத்து மூன்று டேப்புகளையும் பார்த்தேன்,
என் கையெழுத்தில், நெம்பத் தெளிவாக.
பொன்னுலிங்கத்துக்கு வெள்ளிக்கிழமை
பன்னிரண்டு பிளாஞ்ச் கொடுக்கோணும், எல்லாம் கால் இஞ்சு துளை.
ஆறு நான்கு என்று ஒட்டி
அந்த டிரிலை மூலையில் போட்டுவிட்டு
காலையில் புதுசு வாங்க காட்டூர் போயிருப்பேன்.

சிறுவாணித் தண்ணீர் தொட்டியில் விழத் தொடங்கியது.
டேப்புகளைப் பிய்க்கத் தெம்பில்லை.
வெர்னியர் பெட்டியின் மூடியில் மட்டும் எழுதினேன்:
நாலு கழிக்கவும்.

காலையில் பல் தேய்த்துக்கொண்டே வந்தாள் தன்ஷிகா.
சுண்டுவிரலைத் தாடைக்குள் வைத்து,
"அம்மா, பதினொண்ணு புள்ளி ஏழு நாலு."
"நாலு கழிச்சுக்கோ."
"ஏன், நேத்தைக்கே வளந்துட்டனா?"
நுரையோடு சிரித்தாள்.
நான் அறுபத்து நான்காவது டிரிலுக்கு
விபூதி தேடிக்கொண்டிருந்தேன்.